கோடவுன் தெருவில் தைக்கத் துணி: நாலு பேர், ஒரு நாள்

கேள்வி: தோழிகள் நாலு பேர் சென்னை கோடவுன் தெருவுக்குப் போகிறோம். குர்த்திக்கும் ரவிக்கைக்கும் காட்டன் வேண்டும். எத்தனை மீட்டர் எடுக்கலாம்? எதைக் கவனிக்கணும்?

பதில் 1: முதல்ல துணியின் அகலம் கேளுங்க. 44 இன்ச்சில் முழுக்கைக் குர்த்திக்கு 2.5 மீட்டர், 36 இன்ச் என்றால் 3. இதைக் கேட்காமல் வாங்கினால் கை வெட்டத் துணி பத்தாது. ரவிக்கைக்கு 80 செ.மீ., முட்டிக்கை என்றால் 1 மீட்டர்.

பதில் 2: ஞாயிறு வேண்டாம், பெரும்பாலும் அடைப்பு. பல கடைகள் மொத்த வியாபாரம்தான், கொஞ்சமாக வெட்டித் தரமாட்டாங்க. நாலு பேரும் சேர்ந்து ஒரு முழுத் துணிச் சுருளை எடுத்துப் பிரிச்சுக்கோங்க. பணம் கட்டும் முன் முழுசா விரிச்சு, இழை விட்ட இடம், கறை இருக்கான்னு பாருங்க. வெட்டின பிறகு மாற்றமாட்டாங்க.

பதில் 3: காட்டன்தானா என்று சந்தேகமா? ஓரத்தில் ரெண்டு இழை உருவி, கடைக்கு வெளியே வந்து கொளுத்துங்க. பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

லைனிங்கையும் (உள்ளே வைத்துத் தைக்கும் துணி) மேல்துணியையும் தனித்தனியா ஊறவச்சு, காய்ந்ததும் வெட்டுங்க. நனைக்காத லைனிங் முதல் சலவையில் சுருங்கி, தையலை இழுத்து ரவிக்கையைச் சுருக்கிவிடும். ஊறவைக்கும்போது துணி சுருங்கும், அதனால் மீட்டருக்கு 5 செ.மீ. கூடுதலா எடுங்க.