புவேர்ட்டோ ரிக்கோவின் புழுப் பல்லி: பார்த்தவர்கள் பகிர்வு

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் மண்ணுக்குள் வாழும் காலில்லாத ஊர்வனதான் அம்ஃபிஸ்பீனா சீக்கா என்னும் புழுப் பல்லி. அதைத் தேட மழைக்கு மறுநாள் காலையே ஏற்ற நேரம். மேல்மண் காய்ந்துவிட்டால் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் எத்தனை கல்லைப் புரட்டினாலும் கிடைக்காது. கல், மட்கிய மரத்துண்டு எதுவானாலும் உங்கள் பக்கமாகவே தூக்குங்கள். வெளிச்சம் பட்ட சில நொடிகளில் தலையை மண்ணில் முட்டி நுழையத் தொடங்கும். பாதி உள்ளே போனதை இழுக்கவே கூடாது. இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் வால் முறியும். வீட்டுப் பல்லிக்குப் போல மறுபடி வளராது. விரல்களை அடியில் கொடுத்து மண்ணோடு அள்ளுவதுதான் சரி.

*

புழுப் பல்லி என்று ஒருவர் பகிர்ந்த படத்தில் இருப்பது குருட்டுப் பாம்பு, மண்ணில் வாழும் சிறு பாம்பு. செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக, பளபளப்பாக இருக்கின்றன பாருங்கள். புழுப் பல்லிக்கு உடல் முழுக்க வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் சிறுசிறு கட்டங்கள். வால் மழுங்கியிருப்பதால் எது தலை என்று சட்டெனத் தெரியாது. ஊர்வதைப் பார்த்தால் குழப்பமே வராது: தளர்ந்த தோல் முன்னே போய் மண்ணைப் பற்றும், உடல் அதற்குள் வழுக்கி வரும். பின்னோக்கியும் அப்படியே போகும். இருபுறமும் செல்வது என்ற கிரேக்கப் பொருளில்தான் 'அம்ஃபிஸ்பீனா' என்ற பேரினப் பெயரே அமைந்தது. 'சீக்கா' என்றால் லத்தீனில் குருடு. 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே வைத்த பெயர்.

நம் ஊர்ப் பூந்தொட்டியில் வருவதும் குருட்டுப் பாம்புதான். இந்தியாவில் புழுப் பல்லி கிடையாது.

*

இடத்தைக் குறிக்காத படத்தை வைத்து இனம் சொல்வது கடினம். புவேர்ட்டோ ரிக்கோவில் அம்ஃபிஸ்பீனா பேரினத்திலேயே பேக்கரி, ஷ்மிட்டி, ஜீரா என்று வேறு இனங்களும் உண்டு. 1966-இல் விவரிக்கப்பட்ட ஜீரா வறண்ட தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. தலையின் மேற்புறம், கழிவுத்துளைப் பகுதியின் அடிப்புறம், வால் மூன்றையும் அளவுகோலோடு எடுங்கள். வளையங்களை எண்ண முடியாத அளவுக்கு மங்கிய படம் உதவாது.

*

படம் எடுக்கும்வரை ஈரமண் நிரப்பிய டப்பாவில், நிழலில் வையுங்கள். வெறும் கண்ணாடிப் பாட்டிலில் விட்டால் சூடேறி விரைவில் செத்துவிடும். விடும்போது முதலில் கல்லைப் பழைய பள்ளத்திலேயே பொருத்துங்கள், பிறகு ஓரத்தில் விடுங்கள். வரிசை மாறினால் கல்லடியில் நசுங்கிவிடும்.