உதவி கிடைத்த வழியைச் சொல்லுங்கள்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

முக்கூடல்காரி:

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. பக்கத்து வீட்டு மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தட்டும் மடியுமாக உட்கார்ந்தவர். ஆனால் பீடிக் கடையில் வேலைக் கணக்கு எழுதும் பாஸ்புக் மாமியார் பெயரில் இருந்தது. இலையும் தூளும் மாமியார் பேரில் வரும், பீடி அவர் பேரில் போகும், பி.எஃப். பணமும் அவர் பேரில்தான் சேரும். வீட்டுக்கு ஒரு புத்தகம் போதும் என்று இங்கே பல வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது. மதினியின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மாரடைப்பில் போனார், பிறகு மாமியாரும் போய்விட்டார். இத்தனை வருஷம் உழைத்தும் தன் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பது மதினிக்கு அப்போதுதான் உறைத்தது.

புதுப் புத்தகம் போட முடியாது என்றுதான் கடையில் முதலில் சொன்னார்கள். சங்கத்து அக்கா ஒருவர் கூடவே வந்து பேசி வாங்கிக் கொடுத்தார். அதை வைத்துப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டோம். அட்டை இருந்தால் முக்கூடலில் இருக்கிற மத்திய அரசின் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கேட்கலாம். இணையத்தில் ஒவ்வொரு வருஷமும் மனுப் போட வேண்டும், பள்ளிக்கூடம் சரிபார்த்து அனுப்ப வேண்டும். கடைசித் தேதி வரை தள்ளிப் போடாதீர்கள். மருமகள்களே, இன்றைக்கே உங்கள் வீட்டுப் பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் விதவை ஓய்வூதியம். இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் போகும். ரேஷன் கார்டில் அண்ணன் பெயர் நீக்காமல் இருந்ததால் முதல் மனு திரும்பி வந்தது. பெயரை நீக்கி மறுபடி போட்டபின் கிடைத்தது. மாதம் 1,200 ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து இந்தத் தொகை. அதற்கு முன்னால் 1,000.

மதினியின் மூத்த மகள் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் பணம் மாதம் 1,000 வருகிறது. முதலில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் தொடங்கிவைத்த விரிவாக்கத்துக்குப் பிறகு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நம் ஜில்லாவில் உதவி பெறும் பள்ளிகள் எவ்வளவு இருக்கின்றன! இது தெரியாமல் இருக்கிற பெண்பிள்ளைகள் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

கடையம் பக்கத்து அப்பா:

என் மகனுக்கு ஒன்றரை வயதாகியும் கழுத்து சரியாக நிற்கவில்லை. "பையன் மெதுவாத்தான் வருவான்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் தேற்றினார்கள். அங்கன்வாடி டீச்சர் மட்டும்தான், "அண்ணாச்சி, தேத்துறது இருக்கட்டும், ஆய்க்குடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற அமர் சேவா சங்கத்தைச் சொன்னார். 1981-இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே அசைவில்லாத நிலையிலிருந்தே அதைக் கட்டி வளர்த்தவர். அந்த வளாகத்துக்குள் போனபோது, என் பிள்ளையை யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய தெம்பு.

பயிற்சி கொடுப்பது எப்படி என்று என் மனைவிக்கே கற்றுக்கொடுத்தார்கள். தினமும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது எங்களால் முடியாது. அதனால் வீட்டிலேயே செய்ய முடிந்தது பெரிய காரியம். இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் எடுத்தாயிற்று. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. குழந்தை தலை நிற்கவில்லை, உட்காரவில்லை என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சின்ன வயதில் தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

பாளையங்கோட்டை வாசகர்:

அப்பாவை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) சேர்த்திருந்தபோது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான் ஆபரேஷன் நடந்தது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸில் அட்டை எடுக்கலாம். நல்லாயிருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

மேலப்பாளையம் சகோதரி:

எங்கள் உம்மாவுக்கு முதியோர் பென்ஷன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்டால் யாரும் சரியாகச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பழைய காகிதமெல்லாம் போய்விட்டது. இனி என்ன செய்ய?

ஓய்வுபெற்ற கிராம உதவியாளர்:

அம்மா, மனு எண் உங்கள் போனில் வந்திருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். இ-சேவையில் அந்த எண்ணைக் கொடுத்தால் தள்ளிய காரணம் தெரியும். பெரும்பாலும் வயதுச் சான்றாகவோ, ஆதாரில் பெயர் எழுத்து மாறியதாகவோ இருக்கும். அதைத் திருத்திக்கொண்டு புதிதாகப் போடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மனுவை அங்கேயே பதிந்து ரசீது கொடுப்பார்கள். முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் செய்தும் சொல்லலாம். உம்மாவை அலைக்கழிக்க வேண்டாம், நீங்களே போகலாம். எழுதித் தர ஆள் இல்லை என்றால் இங்கே சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். அந்தத் திங்கட்கிழமை கூடவும் வருகிறேன்.