நெட் 71 அடித்த பிறகும் இண்டெக்ஸ் ஏறியிருக்கிறது, ஏன்?

மஞ்சள்டீ_யீஷூன்

வணக்கம். ஞாயிறு காலை கோல்ஃப் மாதப் பதக்க ஆட்டத்தில் 91 அடி. வெள்ளை டீ (ஆட்டம் தொடங்கும் இடம்), பார் (திடலுக்கு வரையறுத்த அடிகள்) 72, கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்கக்கூடியது) 71.4, ஸ்லோப் (மற்றவர்களுக்குத் திடல் எவ்வளவு கடினம் என்ற அளவு) 130. அன்று என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 17.6, அதன்படி அந்தத் திடலில் கிடைக்கும் ஸ்ட்ரோக் சலுகை, அதாவது கோர்ஸ் ஹேண்டிகேப், 20. கழித்தால் நெட் 71, பாருக்கு ஒன்று குறைவு. திங்கள் காலை செயலியைத் திறந்தால் இண்டெக்ஸ் 17.9! மோசமாக ஆடி ஏறினால் புரியும். ஹேண்டிகேப்பைவிட நன்றாக ஆடிய பிறகு எப்படி ஏறும்?

ஞாயிறுக்கு முன் என் சிறந்த எட்டு டிஃபரென்ஷியல்கள் (திடலின் கடினத்துக்கு ஏற்ப மாற்றிய ஸ்கோர்கள்): 14.9, 16.2, 17.0, 17.5, 18.1, 18.6, 19.0, 19.5. இதில் 14.9தான் கடைசி 20 ஆட்டங்களின் பட்டியலில் மிகப் பழையது, அடியில் 20ஆவது இடத்தில் இருந்தது. இப்போது 20ஆவது இடத்தில் 22.3, அதற்கு மேலே 19ஆவதாக 16.2. அன்றைய பி.சி.சி. (அந்த நாளின் ஆட்டச் சூழலுக்கான திருத்தம்) பூஜ்யம்.

கூடவே இரண்டு சந்தேகம். போன மாதம் 13 ஹோல் முடிந்ததும் மின்னல் சைரன் அடித்து ஆட்டம் நின்றது. ஆனாலும் அந்த ஸ்கோர் ஏறியிருக்கிறது. ஆடாத ஐந்து ஹோலுக்கு என்ன போட்டார்கள்? ஜோகூரில் நண்பர்களோடு ஆடுவதையும் பதிய வேண்டுமா?

பட்டர்_தெம்பனிஸ்

செயலி தப்புச் செய்யவில்லை. நீங்களே விடையைக் கொடுத்துவிட்டீர்கள்: 14.9.

2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் இண்டெக்ஸ் என்பது கடைசி 20 டிஃபரென்ஷியல்களில் சிறந்த எட்டின் சராசரி. புது ஸ்கோர் ஒன்று மேலே ஏறினால் அடியில் இருப்பது ஒன்று விழும். எது வந்தது என்று எல்லாரும் பார்க்கிறார்கள், எது விழுந்தது என்று பார்ப்பதில்லை.

கணக்கு இப்படி. டிஃபரென்ஷியல் = (113 ÷ ஸ்லோப்) × (சரிக்கட்டிய மொத்த அடிகள் − கோர்ஸ் ரேட்டிங் − பி.சி.சி.). உங்கள் ஆட்டம்: 91 − 71.4 = 19.6. அதை 113ஆல் பெருக்கி 130ஆல் வகுத்தால் 17.04, அதாவது 17.0. பழைய எட்டின் கூட்டுத்தொகை 140.8, எட்டால் வகுத்தால் 17.6. அதிலிருந்து 14.9 போய் 17.0 வந்ததும் 142.9. எட்டால் வகுத்தால் 17.86, அதுதான் 17.9.

ஞாயிறு ஆட்டம் 17.6ஐவிட நல்ல ஆட்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் விழுந்தது அதைவிட நல்ல ஆட்டம். அன்று 17.6ஐத் தாண்டாமல் இருக்க வேண்டுமென்றால் 14.9க்கு ஈடாக 88 அடித்திருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு உண்மையில் பயன்படும் விஷயம். 20ஆவது இடத்தில் இருக்கும் 22.3 சிறந்த எட்டில் இல்லை. ஆகவே அடுத்த ஆட்டத்தில் அது விழுந்தாலும் நட்டமில்லை. அடுத்த ஆட்டத்தில் 110 அடித்தாலும் இண்டெக்ஸ் 17.9ஐ விட்டு மேலே அசையாது. இறங்க வேண்டுமென்றால் எட்டில் கடைசியாக உள்ள 19.5ஐ முந்த வேண்டும். அதே டீயில் 94 அடித்தால் 19.6, போதாது. 93 என்றால் 18.8, இண்டெக்ஸ் 17.8 ஆகும்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில்தான் கவனம் வேண்டும். அன்று 16.2 விழும். 93 அடித்து 17.8க்கு வந்திருந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், அங்கேயே நிற்க அந்த நாளில் 90 அடிக்க வேண்டும். சொதப்பினால் 19.5 திரும்பவும் எட்டுக்குள் வந்து 18.2 ஆகிவிடும். செயலியில் பட்டியலின் அடிப்பக்கத்து மூன்று வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் அதிர்ச்சியாக இருக்காது.

சாங்கி_ஸ்கோர்கார்டு

கணக்கு சரி. ஆனால் அந்த 91 சரிக்கட்டியதா? ஒவ்வொரு ஹோலுக்கும் உச்சவரம்பு உண்டு: பார் + 2 + அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். இதைத்தான் நெட் டபுள் போகி என்கிறோம். கோர்ஸ் ஹேண்டிகேப் 20 என்றால் எல்லா ஹோலிலும் ஒன்று, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை) 1, 2 உள்ள ஹோல்களில் இரண்டு. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 7 உள்ள பார் 4இல் 9 அடித்திருந்தால் 7தான் கணக்கு. அப்படி ஒன்று இருந்திருந்தால் 91 என்பது 89 ஆகி, டிஃபரென்ஷியல் 15.3, இண்டெக்ஸ் 17.7 ஆகியிருக்கும்.

ஹோல் ஹோலாகப் பதிந்தால் செயலியே வெட்டிவிடும். மொத்த எண்ணை மட்டும் போடுகிறவர்கள் தாங்களே வெட்ட வேண்டும். இதை மறப்பவர்கள் நிறையப் பேர், இண்டெக்ஸ் காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இன்னொரு தவறு, இந்த வரம்புக்குப் போட்டியின் 95 விழுக்காட்டு பிளேயிங் ஹேண்டிகேப்பை எடுப்பது. உங்களுக்கு அது 19தான். ஆனால் சரிக்கட்டுவதற்குக் கோர்ஸ் ஹேண்டிகேப்பான 20ஐத்தான் எடுக்க வேண்டும்.

மின்னல் சைரன் பற்றி: ஆடாத ஹோல்களுக்கு நெட் பார் (பார் + அந்த ஹோலில் கிடைக்கும் ஸ்ட்ரோக்) போடுவார்கள்.

மஞ்சள்டீ_யீஷூன்

நன்றி. ஹோல் ஹோலாகத்தான் பதிந்தேன், பார் 4 எதிலும் 7ஐத் தாண்டவில்லை. 91 அப்படியே 91தான். அடிப்பக்கத்து மூன்று வரி விஷயம் இப்போதுதான் புரிகிறது.

நடுவர்நோட்டு

சாங்கி அண்ணே, நெட் பார் பழைய விதி. 2024 திருத்தத்தில் அது போய்விட்டது. முன்பு 18 ஹோல் ஸ்கோராக ஏற்க 14 ஹோல் ஆடியிருக்க வேண்டும், மீதிக்கு நெட் பார். இப்போது குறைந்தது 10 ஹோல் முடித்திருந்தால் போதும். ஆடாத ஹோல்களுக்கு ஒருவரின் இண்டெக்ஸுக்கு ஏற்ற எதிர்பார்ப்பு ஸ்கோரை எடுத்து 18 ஹோலுக்கான டிஃபரென்ஷியலைச் செய்கிறார்கள். அது கார்டில் ஹோல் வாரியாகத் தெரியாது, டிஃபரென்ஷியலில்தான் தெரியும். நெட் பார் என்பது ஒருவர் வழக்கமாக ஆடுவதைவிட நல்ல ஸ்கோர், அதனால் நின்றுபோன ஆட்டங்கள் இண்டெக்ஸைச் செயற்கையாக இறக்கிவிட்டன. எதிர்பார்ப்பு ஸ்கோரில் அந்தச் சாய்வு இல்லை.

பிற்பகல் இடி மழை நம் ஊரில் வாரம் தவறாத விருந்தாளி என்பதால் இது நமக்கு முக்கியம். 13 ஹோல் ஆடியிருந்தால் 18 ஹோல் ஸ்கோர். சரியாக 9 ஹோலில் நின்றால் 9 ஹோல் ஸ்கோர். அதற்கும் கீழே என்றால் ஸ்கோரே இல்லை. ஆடாத ஹோல்களைக் கற்பனையாக 5, 6 என்று நிரப்பாதீர்கள். 'ஆடவில்லை' என்று குறித்து விடுங்கள்.

9 ஹோல் ஆட்டமும் அப்படித்தான். வேலை முடிந்து மாலையில் 9 ஹோல் ஆடினால், முன்பு இன்னொரு 9 ஹோல் வரும்வரை அது ஜோடிக்காகக் காத்திருக்கும். இப்போது எதிர்பார்ப்பு ஸ்கோரோடு சேர்ந்து மறுநாளே ஏறிவிடுகிறது.

பட்டர்_தெம்பனிஸ்

ஜோகூர் கேள்விக்கு: பதிய வேண்டும். கோர்ஸ் ரேட்டிங்கும் ஸ்லோப்பும் உள்ள திடல், கோல்ஃப் விதிப்படி ஆட்டம், கூட இன்னொருவராவது இருக்க வேண்டும். இவை இருந்தால் ஜோகூர் என்ன, பாத்தாம் என்ன, ஆடிய ஸ்கோர் ஆடிய ஸ்கோர்தான். தனியாக ஆடியது செல்லாது. ஸ்கிராம்பிள் (அணியில் எல்லாரும் சிறந்த பந்து விழுந்த இடத்திலிருந்து ஆடுவது) செல்லாது.

அங்கே அதிகம் நடக்கும் தவறு டீ தேர்வு. வெள்ளை டீயில் ஆடிவிட்டு செயலியில் நீலத்தைத் தட்டிவிடுவார்கள். இதை லேசாக நினைக்காதீர்கள். ரேட்டிங் 71.4, ஸ்லோப் 130 உள்ள டீயில் 91 என்றால் 17.0. ரேட்டிங் 69.5, ஸ்லோப் 122 உள்ள டீயில் அதே 91 என்றால் 19.9. ஏறத்தாழ மூன்று வித்தியாசம்! கார்டில் உள்ள ரேட்டிங்கையும் ஸ்லோப்பையும் செயலியில் வரும் எண்களோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக வெற்றியை எண்ணும் ஆட்டம்) எதிராளி விட்டுக்கொடுத்த பட் இருந்தால் 'பெரும்பாலும் வரக்கூடிய ஸ்கோர்' போடலாம்: பந்து குழியிலிருந்து ஐந்தடிக்குள் என்றால் ஒன்று கூட்டுங்கள், ஐந்தடிக்கு மேல் 20 கெஜத்துக்குள் என்றால் இரண்டோ மூன்றோ, அதற்கு அப்பால் மூன்றோ நான்கோ. ஸ்ட்ரோக் பிளேயில் இந்தச் சலுகை கிடையாது, பந்து குழிக்குள் போக வேண்டும்.

புதுப்பந்து_பொங்கோல்

குறுக்கே ஒரு கேள்வி. எனக்கு மொத்தமே ஏழு ஸ்கோர்தான். எட்டுக்கே வழியில்லையே?

நடுவர்நோட்டு

54 ஹோல் ஆடியதும் இண்டெக்ஸ் தொடங்கும், அதிகபட்சம் 54.0. மூன்று ஸ்கோர் இருந்தால் சிறந்த ஒன்றிலிருந்து 2.0 கழிப்பார்கள், நான்கு என்றால் சிறந்த ஒன்றிலிருந்து 1.0, ஐந்து என்றால் சிறந்த ஒன்று அப்படியே. ஆறு என்றால் சிறந்த இரண்டின் சராசரியிலிருந்து 1.0 கழித்து. உங்களுக்கு ஏழு, எட்டு வரை சிறந்த இரண்டின் சராசரி. 9 முதல் 11 வரை மூன்று, 12 முதல் 14 வரை நான்கு, 15, 16க்கு ஐந்து, 17, 18க்கு ஆறு, 19க்கு ஏழு, 20 வந்ததும் எட்டு. ஆரம்பத்தில் எண் தாவித் தாவிப் போகும், அது இந்தப் படிகளால்தான்.

சாங்கி_ஸ்கோர்கார்டு

நெட் பார் விஷயத்தில் திருத்தத்துக்கு நன்றி நடுவர். பழைய அட்டவணையையே மனதில் வைத்திருந்தேன்.

வருஷக் கணக்கில் பார்த்தால் இன்னும் இரண்டு தடுப்புகள் உண்டு. முதலாவது ஏறுவதற்கான தடுப்பு, 20 ஸ்கோர் உள்ளவர்களுக்கு. கடைசி 365 நாளில் உங்கள் மிகக் குறைந்த இண்டெக்ஸ் 14.2 என்று வைப்போம். அதற்கு மேல் 3.0 வரை தடையில்லாமல் ஏறும். அதைத் தாண்டியதில் பாதிதான் சேரும். கணக்கு 18.6 என்று வந்தால் 4.4 ஏற்றம். மூன்றுக்கு மேலுள்ள 1.4இல் பாதி 0.7, ஆக இண்டெக்ஸ் 17.9. எப்படி ஆடினாலும் 5.0க்கு மேல், அதாவது 19.2க்கு மேல் போகாது. அந்தச் சுவரை முட்ட மூலக் கணக்கு 21.2 வரை போயிருக்க வேண்டும். முதுகுவலி, முழங்கால் என்று ஆட்டம் உண்மையிலேயே தளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம், அவர்கள் தங்கள் கிளப் ஹேண்டிகேப் குழுவிடம் எழுதிக் கேட்கலாம். வேண்டுமானால் குழு இந்தத் தடுப்பைத் தளர்த்தலாம். அந்த 14.2க்கு ஒரு வருஷம் கடந்ததும் புது ஸ்கோர் ஒன்று ஏறும்போது அடித்தளமே மாறும், அன்று இண்டெக்ஸ் சட்டென்று மேலே போவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

இரண்டாவது இறக்கம். ஒரு நாள் டிஃபரென்ஷியல் அன்றைய இண்டெக்ஸைவிட 7.0 முதல் 9.9 வரை குறைவாக வந்தால் கடைசி இருபதிலும் ஒவ்வொன்றிலும் 1.0 கழிப்பார்கள். 10.0 அல்லது அதற்கும் மேல் என்றால் 2.0. மஞ்சள்டீ ஞாயிறன்று 82 அடித்திருந்தால் டிஃபரென்ஷியல் 9.2, வித்தியாசம் 8.4. அடியில் விழுந்தது எட்டில் இல்லாத ஒன்று என்றால் சாதாரணக் கணக்கில் 16.3 வரும், மேலும் 1.0 கழிந்து 15.3. அதற்குப் பிறகு ஆடும் புது ஸ்கோர்களில் இந்தக் கழிவு இல்லை. பழையவை ஒவ்வொன்றாக விழ விழ அதன் பாதிப்பும் மெல்லக் கரையும்.

மஞ்சள்டீ_யீஷூன்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: பருவமழை நாளில் எல்லாரும் பந்தைத் தூக்கி வைத்து ஆடுகிறோம், கார்டு செல்லுமா? பி.சி.சி. அன்று ஏன் பூஜ்யமாகவே இருக்கிறது?

நடுவர்நோட்டு

திடல் அறிவித்திருந்தால் செல்லும். பி.சி.சி. மழையைப் பார்ப்பதில்லை, ஸ்கோர்களைப் பார்க்கிறது. அன்று அந்தத் திடலில் குறைந்தது எட்டு ஸ்கோர் பதிவாகி, எதிர்பார்த்ததிலிருந்து கணிசமாக விலகியிருந்தால் மட்டும் −1 முதல் +3 வரை வரும். பந்தைத் துடைத்துப் புல்லில் வைத்து ஆடும்போது ஈரத்தின் கஷ்டம் பாதி போய்விடுகிறது, ஸ்கோரும் பெரிதாக மாறுவதில்லை. கணக்கு நள்ளிரவில் ஓடும், ஆகவே ஆடிய அன்றே பதியுங்கள். நீங்கள் நாளைக்குப் பதிந்தால் உங்கள் ஸ்கோர் அந்த எட்டில் சேராது, அன்றைய பி.சி.சி. மட்டும் உங்களுக்குப் பொருந்தும்.