ராத்திரி ரோந்துக்கு ஊர்ப் பையன்கள் வேணுமா?

வளவுவீடு:
போன மாசம் எங்க தெருவுல பூட்டிக் கிடந்த வீட்டுல வளவுத் தூணோட, அதாவது உள்முற்றத்துத் தூணோட, பித்தளைப் பூணைக்கூட விடாமக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. நம்ம செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியுது. பின்கட்டுல கதவை உடைச்சா முகப்புல இருக்கிறவங்களுக்குக் கேக்காது. பங்காளிக எல்லாம் சென்னையிலயும் சிங்கப்பூர்லயும். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு திறக்குது. எங்க பாட்டி, ஆயான்னுதான் கூப்பிடுவோம், ஒத்தையில இருக்காக. அதனால பன்னிரண்டு பையன்க போலீஸோட ரோந்து போகட்டும், வெளியாளைப் பாத்தா நிறுத்தி விசாரிச்சு நோட்டுல எழுதட்டும்னு ஊர்க்கூட்டத்துல பேசினோம். இதுல என்ன தப்பு?

செம்மண்:
அண்ணே, திருட்டு நடந்தது உண்மை. அந்தப் பன்னிரண்டு பேரில் எங்கள் தெருப் பையன் எத்தனை பேர்? ஒருவன்கூட இல்லை. எங்களைக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை.

தேக்குமரம்:
தெருக்கணக்கை இங்கேயும் இழுக்காதீங்க தம்பி. நான் பழைய வீடுகளைச் சீர் பண்ற வேலை எடுக்கிறேன். பீகார், ஒடிசா ஆளுக பதினெட்டுப் பேர். எல்லார் ஆதார் நகலும் ஸ்டேஷன்ல கொடுத்திருக்கேன். நோட்டுல பேர் எழுதினா யோக்கியனுக்கு என்ன நஷ்டம்?

செம்மண்:
நஷ்டம் என்னவென்று பட்டவன் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்பு காரைக்குடியில் வேலை முடித்து ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கில் வந்தேன். ஊர் வளைவில் நிறுத்திய பையன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தெருவுக்குள்ள என்ன வேலை?" எனக்குப் பின்னால் வந்த இன்னொரு பைக்கை அவன் நிறுத்தவே இல்லை. விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வழக்கு இல்லை, ஆனால் கைரேகை எடுத்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

பக்கத்து ராமநாதபுரத்தில் 1993-ல் தொடங்கியதுதான், ஊர் ஆட்கள் போலீஸுக்கு உதவும் 'போலீஸ் நண்பர்கள்' குழு. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடித்து இறந்தபோது, அந்தக் குழுவினர் மேலும் புகார் எழுந்தது. ஜூலையில் அரசே தடை போட்டது. சம்பளமும் பயிற்சியும் பெற்ற போலீஸ்காரனையே கேள்வி கேட்பது கஷ்டம். சீருடை இல்லாத பையன் அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நோட்டுக்கும் பழைய கதை உண்டு. உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராக விற்ற குறவர்களை வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை 1947-ல் எடுத்தார்கள். சந்தேகம் மட்டும் போகவில்லை. அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்ட சீர்மரபினரைக் காரணமில்லாமல் பிடிக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்குப் பாசிமணி விற்க வருகிறவள் பெயரைத்தான் உங்கள் நோட்டில் முதலில் எழுதுவார்கள். பழைய தூணுக்கு விலை பேசி வேன் அனுப்புகிறவன் பெயர் வராது.

தேக்குமரம்:
வேன் விஷயம் சரிதான். தூணை வித்துக் காசாக்கத் தெரிஞ்சவன்தான் இதைச் செய்யறான். ஆனா போலீஸ் எத்தனை ஊரைப் பாக்கும்?

வளவுவீடு:
தம்பிக்கு நடந்தது அநியாயம், அதை நான் மறுக்கலை. ஆனா எங்க ஆயா ராத்திரியில பட்டாசாலை விளக்கை அணைக்கிறதில்லை. ஒரு சத்தம் கேட்டா எனக்குப் போன் வருது. நான் இருக்கிறது கோயமுத்தூர். நீதிமன்றம் சொன்னதைச் சொன்னா அவுக தூங்கிருவாகளா? ரோந்து வேணும். உங்க தெருவுல இருந்து நாலு பேரைச் சேர்த்துக்கிட்டா ஒத்துக்குவீங்களா?

செம்மண்:
நாலு பேரைச் சேர்த்தாலும், ஆளை நிறுத்தி விசாரிக்கிற அதிகாரம் பையன்கள் கையில் இருக்கக் கூடாது அண்ணே. விசில் கொடுங்கள், டார்ச் கொடுங்கள், பின்தெருவுக்கு விளக்கும் கேமராவும் போடுங்கள். சந்தேகம் வந்தால் போலீஸுக்குப் போன் போடட்டும். பெயர் எழுதுகிற நோட்டு வேண்டாம். ஆயா வீட்டுப் பின்வாசலில் நானே வந்து படுத்துக்கொள்கிறேன், அவர்களுக்குச் சம்மதமென்றால்.

வளவுவீடு:
நோட்டு வேணும்னுதான் இன்னமும் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்க, உங்க தெருவுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஆயாகிட்ட இன்னிக்கே கேக்கறேன்.