லியோனிட் விண்கல் புயல்: நிமிடக் கணக்கில் எப்படிச் சொன்னார்கள்?

கேள்வி – வால்மீன்பித்தன்
டெம்பல்-டட்டில் வால்மீன் 33 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அது உதிர்த்த தூசில் பூமி நவம்பரில் புகும்போதுதான் லியோனிட் விண்கற்கள் விழுகின்றன. 1833, 1866, 1966-ல் கொட்டித் தீர்த்தது. 1899, 1933-ல் ஏமாற்றியது. 1999-ல் மட்டும் நேரத்தை அவ்வளவு துல்லியமாகச் சொன்னது எப்படி?

பதில் – தூசுத்தடம்
வால்மீனின் பாதையைப் பார்த்தால் விடை கிடைக்காது. அது ஒவ்வொரு வருகையிலும் உதிர்த்த தூசைத் தனித்தனித் தடமாகப் பின்தொடர வேண்டும். சூரியனருகே வால்மீன் நொடிக்கு 41 கி.மீ. வேகத்தில் போகிறது. அங்கே தூசு நொடிக்கு வெறும் 10 மீட்டர் கூடுதலாக முன்னோக்கித் தெறித்தாலே அதன் சுற்றுக்காலம் ஏறக்குறைய அரை ஆண்டு நீண்டுவிடும். சூரிய ஒளியின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அதனால் தடம் நீளவாக்கில் இழுபடும், குறுக்கே மெலிதாகவே இருக்கும்.

1999-ஐக் கணித்த வானியலாளர்கள் ஆஷரும் மெக்நாட்டும் எல்லாத் துகள்களையும் கணக்கில் எடுக்கவில்லை. குறிப்பிட்ட நவம்பரில் பூமியின் பாதையைத் தொடும் துகள்களை மட்டும் பிடித்து, வியாழன், சனி முதலியவற்றின் இழுப்பைச் சேர்த்து, தடம் பூமியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்கள். 1899-ல் உதிர்ந்த தடம் 1999 நவம்பர் 18 அன்று 02:08-க்கு (உலக நேரம்) உச்சம் தரும் என்றார்கள், வந்தது 02:02-க்கு. இதே வழியில் வானியலாளர்கள் கோந்த்ராத்தியேவாவும் ரெஸ்னிகோவும் 1985-லேயே கணித்திருந்தார்கள், கவனித்தவர்கள்தான் குறைவு.

பதில் – சனிப்பெயர்ச்சி
1899 ஏமாற்றத்துக்குக் காரணம்: 1870-ல் சனியும் 1898-ல் வியாழனும் தூசை நகர்த்திவிட்டன. அக்கால அறிவியலாளர்கள் ஸ்டோனியும் டவுனிங்கும் முன்கூட்டியே எச்சரித்தும், ஊரே வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது!

1998-ல் தலைகீழ். எதிர்பார்த்த நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே தீப்பந்துகள் (மிகப் பிரகாசமான விண்கற்கள்) வந்தன. அவை 1333-ல் உதிர்ந்த பெரிய துகள்கள். வியாழனோடு 5:14 ஒத்திசைவில் (வியாழன் 14 சுற்று முடிக்கும்போது இவை 5 சுற்று) இருந்ததால் சிதறவில்லை.

பதில் – இருள்வானம்
நேரத்தை நம்பலாம், எண்ணிக்கையை அப்படி நம்பாதீர்கள். எவ்வளவு தூசு, எந்த அளவில், எந்த வேகத்தில் கிளம்பியது என்பது பெரும்பாலும் ஊகம். வேறொரு வால்மீனான 73பி 1995-ல் உடைந்தது; அந்தத் தூசு வழக்கத்தைவிட வேகமாகத் தெறித்திருந்தால்தான் 2022 மே 31-ல் புயல் என்றார்கள். வந்தது மிதமான பொழிவுதான்.

இன்னொன்று: 1999-ன் உச்சமான 3,700 என்பது ரேடியன்ட் (விண்கற்கள் கிளம்புவதுபோல் தெரியும் வானப்புள்ளி) உச்சந்தலையில் இருக்க, 6.5 ஒளியளவு (எண் கூடக்கூட மங்கல்) வரை தெரியும் வானத்தில் ஒரு மணி நேரத்துக்கான எண்ணிக்கை. ரேடியன்ட் 30 டிகிரியில் இருந்தால் பாதிதான். 5.5 வரைதான் தெரியும் என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. நமக்கோ அப்போது காலை 7:32, சூரியன் வந்தாயிற்று. 2001-ன் ஆசிய உச்சமும் இரவு 11:30-ஐ ஒட்டி, தமிழ்நாட்டில் ரேடியன்ட் எழும் முன்பே வந்தது. எனவே கணிப்பைப் பார்த்ததும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, அந்நேரம் ரேடியன்ட் எத்தனை டிகிரியில் என்று முதலில் பாருங்கள்.