கொலை மேன்முறையீடு: அலிபையும் தற்காப்பும் ஒரே வழக்கில் நிற்குமா?

நெடுங்கேணி மாணவன்:
அண்ணைமார், போலி வழக்காடலுக்குத் தந்த சம்பவம் இது. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் வரம்புத் தகராறு, பின்னேரம் ஆறரைக்கு ஒருவர் கத்திவெட்டில் இறக்கிறார். எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) கூட்டில் நின்று, "அந்தப் பின்னேரம் மாங்குளத்தில் நின்றேன்" என்கிறார்; இதுதான் அலிபை, சம்பவ நேரம் வேறிடத்தில் நின்றதாகச் சொல்வது. ஆனால் அவரின் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில், "இறந்தவர்தான் முதலில் கத்தியோடு வந்தார்?" என்று கேட்க, கண்கண்ட சாட்சி "ஓம்" என்றுவிட்டார். எதிரியின் இடது முன்கையில் வெட்டுக்காயம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் இருக்கிறது. மேல் நீதிமன்றம் அலிபையை நம்பாமல் மரணதண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் எதைப் பிடிப்பது?

கனகராயன்:
தீர்ப்பில் அலிபையைத் தள்ளிய பந்தியை முதலில் வாசியுங்கோ. "வேறிடத்தில் இருந்ததை எதிரி நிரூபிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் அது பிழை. அலிபை, எதிரியே நிரூபிக்கவேண்டிய புறநடை (சட்டம் தரும் விதிவிலக்கு) அல்ல. வழக்குத்தொடுநரின் கதையை மறுப்பது மட்டும்தான். நம்பினால் விடுதலை. நம்பவும் ஏலாது, தள்ளவும் ஏலாது என்றாலும் விடுதலை. முழுப் பொய் என்றாலும் அந்தப் பொய்யே குற்றத்துக்கு நிரூபணம் ஆகாது. வேறிடத்தில் இருந்தேன் என்பவர் அதை நிரூபிக்கவேண்டும் என்ற சான்றுக் கட்டளைச் சட்டம் 103ஆம் பிரிவின் உதாரணத்தைப் பார்த்துத்தான் பலர் இதில் வழுக்குவது.

ஆனால் உங்கள் அலிபை மெலிந்தது. மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியால் மோட்டார் சைக்கிளில் முக்கால் மணிக்குள் ஒட்டுசுட்டான் வரலாம். ஆறரைக்கே ஆளைக் கண்ட சாட்சி இல்லாவிட்டால் "பின்னேரம்" என்ற சொல்லுக்குப் பெறுமதி இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 126அ பிரிவையும் பாருங்கோ: பொலிஸ் வாக்குமூலத்திலோ நீதவான் விசாரணையிலோ சொல்லியிருக்கவேண்டும்; இல்லையென்றால் வழக்கு விளக்கம் (விசாரணை) தொடங்க 14 நாளுக்கு முன்பே சட்டமா அதிபருக்கு அறிவித்திருக்கவேண்டும். பிந்தினால் போதிய காரணம் காட்டவேண்டும்.

முறிகண்டியான்:
தம்பி, அந்த முன்கைக் காயத்தைப் பிடியுங்கோ. மாங்குளத்தில் நின்றவருக்கு அது எப்படி வந்தது? அலிபை அதோடு முடிந்தது. ஆனால் எதிரி தற்காப்பு என்று வாயே திறக்காவிட்டாலும், வழக்கேட்டில் சான்று இருந்தால் நீதிபதி அதைப் பார்த்தே ஆகவேண்டும். கவனம்: சட்டத்தரணி கேட்ட கேள்வி சான்றல்ல, சாட்சி சொன்ன "ஓம்"தான் சான்று.

தற்காப்பை நிரூபிக்கும் சுமை எதிரியிடம், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு. இங்கிலாந்தில் 1935இல், நிரூபிக்கும் சுமை வழக்குத்தொடுநருக்கே என்ற வூல்மிங்டன் வழக்கு வந்தபின்னும், 1942இல் சந்திரசேகர வழக்கில் எங்கள் நீதிமன்றம் இதைத் தளர்த்தவில்லை. சந்தேகம் எழுப்பினால் போதாது. அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்புக் கூட என்று காட்டவேண்டும். அதை வழக்குத்தொடுநரின் சாட்சிகளின் வாயாலேயே காட்டலாம்.

பிறகு பிரேத பரிசோதனை அறிக்கை: எத்தனை வெட்டு, எந்தப் பக்கம், உயிரை எடுத்தது எது. முன்பக்கம் ஒரே வெட்டு என்றால் தற்காப்பில் உயிரையே எடுக்க இடம்தரும் தண்டனைச் சட்டக்கோவையின் 93ஆம் பிரிவுவரை போய்ப் பார்க்கலாம். பிடரியிலும் முதுகிலும் வெட்டிருந்தால், தேவைக்கு மிஞ்சிய தீங்கைத் தடுக்கும் 92ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அப்போதும் கொலையை வரையறுக்கும் 294ஆம் பிரிவின் இரண்டாம் புறநடை (நல்லெண்ணத்தோடு தற்காப்பின் எல்லை மீறியது), நான்காம் புறநடை (திடீர்ச் சண்டை) இரண்டும் இருக்கின்றன. வென்றால் 297இன் கீழ் கைமோசக் கொலை (கொலையிலும் குறைந்த குற்றம்): எண்ணத்தோடு செய்தால் 20 ஆண்டுவரை, உயிர்போகக்கூடும் என்ற அறிவு மட்டுமென்றால் 10 ஆண்டுவரை. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை என்று மரணதண்டனையை லேசாக எண்ணவேண்டாம். வெளியே வரும் திகதி இல்லாத சிறை அது.

நெடுங்கேணி மாணவன்:
அப்போ இரண்டையும் மாற்று வாதமாக வைக்கலாமா?

கனகராயன்:
வைக்கலாம், ஒரே மூச்சில் வேண்டாம். முதலில் அடையாளம்: ஆறரைக்கு வெளிச்சம் எவ்வளவு, சாட்சி எவ்வளவு தூரத்தில், எதிரியை முன்பே தெரியுமா. வயல் பக்கத்து அயலவர் என்றால் இது பெரிதாக ஓடாது. அடுத்து, "எதிரிதான் என்று வைத்துக்கொண்டாலும்" என்று தொடங்கி 294க்கு வாருங்கோ. என் கணிப்பில் முக்கால்வாசி நேரத்தை இதற்குத்தான் கொடுக்கவேண்டும்.

நீதிபதி புறநடையை ஆராயவில்லை என்று மட்டும் சொன்னால் காணாது. அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரைக்கு, அந்தத் தவறால் எதிரியின் உரிமை பாதிக்கப்பட்டது அல்லது நீதி தவறியது என்று காட்டவேண்டும். சாட்சியின் "ஓம்" வழக்கேட்டில் எத்தனையாம் பக்கம் என்று நீதியரசர்கள் கட்டாயம் கேட்பார்கள். மேன்முறையீட்டு மனு 14 நாளுக்குள்; மறியலில் இருப்பவர் சிறை அதிகாரி மூலம் கொடுக்கலாம்.