நாளுக்கு 1 சதவீதம் தரும் பொட்: கட்டணத்தைக் கழித்தீர்களா, இல்லையா?

மெழுகுதிரி வாசகன், வெள்ளவத்தை:
பைதான் பொடியன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "நிரல் எழுதத் தெரிந்தவன் கையால் பிட்கொயின் வாங்கி விற்பது வெட்கக்கேடு. தானாக வாங்கி விற்கும் என் நிரல், என் பொட், நாளுக்கு 14 தடவை வாங்கி விற்று 1 சதவீதம் லாபம் தருகிறது, பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பாக்டெஸ்டும் பார்த்துவிட்டேன்" என்றார். நானும் பகலில் நிரல் எழுதித்தான் பிழைக்கிறேன். இரவில் சார்ட்டைப் பார்த்துக் கையால் வாங்குகிறேன், ஒரு வெட்கமும் இல்லை. கேள்வி ஒன்றுதான். பாக்டெஸ்டில் கட்டணத்தைக் கழித்தீர்களா? பைனான்ஸ் என்ற கிரிப்டோ சந்தைத் தளத்தில் ஸ்பொட் கட்டணம், அதாவது நாணயத்தை நேரடியாக வாங்கி விற்கும் கட்டணம், 0.1 சதவீதம். வாங்க ஒன்று, விற்க ஒன்று. முழுக் காசையும் போட்டு 14 தடவை என்றால் 2.8 போய்விடும். வருகிறது 1, போகிறது 2.8!

பைதான் பொடியன்:
அண்ணா, பைனான்ஸின் சொந்த நாணயமான பிஎன்பி வைத்துக் கட்டினால் 25 சதவீதம் கழிவு உண்டு. அதுவே தெரியாமல் கணக்குப் போட வந்துவிட்டீர்கள். பொட் நித்திரை கொள்ளாது, பயப்படாது. 2020 மார்ச் 12 அன்று பிட்கொயின் ஒரே நாளில் ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. அன்றைக்கு அடிமட்டத்தில் விற்றுவிட்டு அழுதவர்கள் எல்லாம் சார்ட் பார்த்தவர்கள்தான்.

மெழுகுதிரி வாசகன்:
வாங்க, விற்க இரண்டுக்கும் சேர்த்துக் கழிவோடு 0.15. அதை 14 ஆல் பெருக்கினால் 2.1. இப்போதும் 1 ஐ விடக் கூடத்தான். நான் நித்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. கழித்தீர்களா, இல்லையா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
நாளுக்கு 1 சதவீதம் கூட்டு வட்டி போல ஏறினால் ஒரு வருடத்தில் 1 லட்சம் 37 லட்சத்தைத் தாண்டும். தம்பி இன்னும் வேலைக்குப் போகிறாரா? அதோடு, வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்க முடியாது என்று இலங்கை மத்திய வங்கி 2021 இலேயே சொல்லிவிட்டது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பைதான் பொடியன்:
வேலைக்குப் போவதும் போகாததும் என் விஷயம். நான் போடுவது லிமிட் ஓடர், விலையை நானே குறித்துவிட்டுக் காத்திருப்பேன், சந்தை விலைக்கு அள்ளுவதில்லை.

மெழுகுதிரி வாசகன்:
லிமிட் ஓடர் போட்டாலும் சாதாரணக் கணக்குக்கு அதே 0.1 தான். கட்டண அட்டவணையைத் திறந்து பாருங்கள். அதுமட்டுமில்லை, பாக்டெஸ்டில் விலை தொட்டவுடன் ஓடர் நிறைவேறியதாக எழுதிக்கொள்வீர்கள். நிஜத்தில் உங்களுக்கு முன்னால் வரிசையே நிற்கும். நான் மாதத்துக்கு நாலைந்து தடவைதான் வாங்கி விற்கிறேன். மாதம் முழுக்க எனக்குப் போகும் கட்டணம் உங்களுக்கு ஒரு காலையில் போகிறது.

தெஹிவளை ராஸ்பெரி:
நான் பொட் பக்கம். ஆனால் அடிபட்ட கதையையும் சொல்ல வேண்டும். பொட்டை வீட்டில் 'ராஸ்பெரி பை' என்ற சின்னக் கணினியில் ஓடவிட்டிருந்தேன். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க கரண்ட் போன நாள். நட்டம் பெருகுமுன் விற்றுவிடும் கட்டளை என் நிரலுக்குள் மட்டும் இருந்தது. பொட் செத்துக் கிடந்தது, காசு அப்படியே திறந்து கிடந்தது. இப்போது வாங்கிய கையோடு அந்தக் கட்டளையை, ஸ்டொப் ஓடரை, சந்தைத் தளத்திலேயே போட்டுவிடுகிறேன். வீட்டில் கரண்ட் போனாலும் அது அங்கே நிற்கும்.

பைதான் பொடியன்:
வீட்டில் ஓடவிட்டது உங்கள் பிழை. வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

கொலன்னாவை மின்னன்:
குரங்கு, குரங்கு என்று எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவு, கூரை சோலார் உச்சத்தில். அந்த நிலையில் ஒரு சின்ன அதிர்ச்சியையும் மின்கட்டமைப்பு தாங்காது. இந்தத் துறையில் வேலை செய்கிறவன் சொல்கிறேன்.

தெஹிவளை ராஸ்பெரி:
என் கூரையிலும் சோலார் இருக்கிறது. கடன் வாங்கிப் போட்டது. பழியை எங்கள் தலையில் போடாதீர்கள்.

மெழுகுதிரி வாசகன்:
சோலாரை வேறு இடத்தில் கதையுங்கள். பொடியன், மூன்று தடவை கேட்டுவிட்டேன். கட்டணம்?

பைதான் பொடியன்:
2022 மே மாதம் லூனா என்ற கிரிப்டோ நாணயம் 80 டொலர் அளவிலிருந்து ஒரு சதத்துக்கும் கீழே போன வாரத்தில், "இறங்கும்போது வாங்குங்கள்" என்று இங்கே எழுதியது யார்? உங்கள் பேச்சைக் கேட்டு என் மச்சான் காசு விட்டான். எங்கள் வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அந்தக் கையா எனக்குப் பாடம் எடுப்பது?

மெழுகுதிரி வாசகன்:
லூனாவில் நானும்தான் காசு விட்டேன். யாருடைய சட்டைப் பையிலும் கை வைக்கவில்லை. அதற்கும் 0.1 க்கும் என்ன தொடர்பு? உங்கள் நிரலில் கட்டணத்துக்கு ஒரு வரி இருக்கும். அதில் 0 என்று இருக்கிறதா, 0.001, அதாவது 0.1 சதவீதம், என்று இருக்கிறதா? அந்த ஒரு வரியை மட்டும் இங்கே ஒட்டுங்கள்.

பைதான் பொடியன்:
என் நிரலை உங்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆறு மாதம் நித்திரை முழித்து எழுதியது.

மெழுகுதிரி வாசகன்:
முழு நிரலைக் கேட்கவில்லை. ஒரு வரி.

கொலன்னாவை மின்னன்:
ராஸ்பெரி, நான் உங்கள் கடனைப் பற்றிப் பேசவில்லை. அன்று கரண்ட் போவதற்குச் சற்று முன் மின்தேவை எவ்வளவு, சோலார் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.